வளைவில் சக்கரம் கீச்சிடுகிறது: தண்டவாளத்தில் விழும் விசையை எப்படி அளப்பது?

செந்தூல்மாணவி:

எல்லாருக்கும் வணக்கம். கோலாலம்பூரில் இயந்திரவியல் இறுதியாண்டு படிக்கிறேன். வீடு செந்தூலில், பதினோராவது மாடி. சமையலறைச் சன்னலைத் திறந்தால் கீழே ரயில் பாதை வளைந்து போவது தெரியும். காலை முதல் ரயிலுக்கே கீச்சென்ற சத்தம் ஆரம்பித்துவிடும். பாட்டி அதைக் கேட்டுத்தான் எழுந்து பால் காய்ச்சுவார். பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம் என்பதால் இறுதியாண்டு ஆய்வுக்கு இதையே எடுத்துக்கொண்டேன்: வளைவில் சக்கரம் தண்டவாளத்தை எவ்வளவு அழுத்துகிறது, எவ்வளவு பக்கவாட்டில் தள்ளுகிறது, எந்தக் கோணத்தில் ஏறுகிறது.

நான்கு மாதமாக ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். நல்ல மழை பெய்யும் சாயங்காலங்களில் சத்தமே இல்லை. மழை விட்டுத் தண்டவாளம் காய்ந்ததும் திரும்ப வந்துவிடுகிறது. கைப்பேசியில் பதிவு செய்து அதிர்வெண்ணைப் பார்த்தேன். ஏறக்குறைய ஒரே சுருதி, நாதஸ்வரத்தில் ஒரு சுரத்தை இழுத்துப் பிடித்த மாதிரி.

பாதைக்குள் இறங்க அனுமதி இல்லை, கேட்கவும் போவதில்லை. ஆய்வகத்தில் பழைய 80 பவுண்டு (ஒரு கஜ நீளத்துக்கு 80 பவுண்டு எடை) தண்டவாளத் துண்டு ஒன்று இருக்கிறது. அதை 1 மீட்டர் இடைவெளியில் இரண்டு தாங்கிகள் மேல் வைத்து, நடுவில் அடிப்பாதத்தின் கீழே ஒரு ஸ்ட்ரெயின் கேஜ் (இரும்பு நீளுவதையும் சுருங்குவதையும் காட்டும் மெல்லிய உணரி) ஒட்டி, பிரெஸ்ஸில் 20 கிலோநியூட்டன் கொடுத்தேன். 130 மைக்ரோஸ்ட்ரெயின், அதாவது பத்து லட்சத்தில் 130 பங்கு நீட்சி, வந்தது. சந்தோஷப்பட்டேன். பிறகு நடுவிலிருந்து 10 செ.மீ. தள்ளி அதே 20 கிலோநியூட்டனைக் கொடுத்தால் 104தான் வருகிறது. அதே எடை, வேறு எண். ஓடுகிற சக்கரம் எந்த நொடியில் எங்கே இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? இது போதாதென்று, மதியம் குளிர்சாதனத்தை நிறுத்தினால் எடையே வைக்காமல் எண் மெல்ல ஏறிக்கொண்டே போகிறது.

மூன்று கேள்விகள். சக்கரம் எங்கே நின்றாலும் ஒரே எண் வரும்படி கேஜை எங்கே ஒட்டுவது? பக்கவாட்டு விசையை மட்டும் தனியாக எப்படிப் பிரிப்பது? சக்கரம் தண்டவாளத்தை முட்டும் கோணத்தைத் தொடாமல் அளக்க வழி உண்டா? வழிகாட்டியாக இருக்கும் விரிவுரையாளருக்கு இந்தத் துறை புதிது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கம்போங்பாண்டான்:

தங்கச்சி, பாதைக்குள் இறங்கமாட்டேன் என்று நீங்களே சொன்னது மனதுக்கு நிம்மதியாக இருக்கிறது. இருந்தாலும் இதைப் படிக்கிற மற்றப் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். கே.டி.எம். (மலாயா ரயில்வே) பாதையில் தலைக்கு மேலே 25,000 வோல்ட். எல்.ஆர்.டி. என்கிற நகர இலகு ரயிலில் பக்கத்திலேயே மூன்றாவது தண்டவாளம், 750 வோல்ட். "ஒரு நிமிடம் டேப் வைத்து அளந்துவிட்டு வருகிறேன்" என்கிற பேச்சே கூடாது.

எண் ஏறுவதற்குக் காரணம் வெப்பம். ஒரே ஒரு கேஜை வைத்து அளந்தால் இதிலிருந்து தப்புவது கடினம். மற்றதை அனுபவம் உள்ளவர்கள் சொல்வார்கள்.

பழையபட்டறை:

அம்மா, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். செந்தூல் என்று பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. என் அப்பா கம்பிச் சடக்கு கேங்கில், அதாவது ரயில் பாதை பராமரிக்கும் குழுவில், மண்டோராக (மேஸ்திரியாக) இருந்தவர். நான் ரயில் பட்டறையில் பயிற்சி எடுத்து, பிறகு ஓர் ஒப்பந்த நிறுவனத்தில் சேர்ந்து, தண்டவாளத்தில் கேஜ் ஒட்டுவதையே பதினெட்டு வருடம் செய்தேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், நீங்கள் அளந்தது தப்பே இல்லை. 1 மீட்டர் இடைவெளியில் எடை நடுவில் இருந்தால், நடுவில் விழும் வளைவுத் திருப்பம் எடையில் 0.25 பங்கு. எடை 10 செ.மீ. தள்ளிப் போனால் அதே இடத்தில் 0.20 பங்கு. 130க்கு 104. கணக்கும் உங்கள் கேஜும் அப்படியே ஒத்துப்போகின்றன. உங்கள் கை சுத்தமாக வேலை செய்திருக்கிறது, அளக்க எடுத்துக்கொண்ட இடம்தான் மாற வேண்டும். பாதம், தண்டவாளம் எவ்வளவு வளைகிறது என்பதைத்தான் சொல்லும். உங்களுக்கு வேண்டியது எடை.

எடையைக் கேட்க வேண்டிய இடம் தண்டவாளத்தின் இடுப்பு, அதாவது தலைக்கும் பாதத்துக்கும் நடுவே நிற்கிற மெல்லிய சுவர். அங்கே நடுநிலை அச்சின் மேல் கேஜை 45 பாகை சாய்த்து ஒட்ட வேண்டும். அந்த உயரத்தில் வளைவினால் வரும் இழுப்பும் அமுக்கமும் பூச்சியம், ஷியர், அதாவது குறுக்கே வெட்டப் பார்க்கிற விசை, மட்டும்தான் தெரியும். இப்போது இப்படி யோசியுங்கள். எடை இரண்டு தாங்கிகளுக்கு நடுவே எங்கேயோ இருக்கிறது. எடைக்கு இடப்பக்கம் வெட்டினால் இடத் தாங்கி தாங்குகிற அளவு ஷியர் இருக்கும். வலப்பக்கம் வெட்டினால் வலத் தாங்கியின் அளவு, எதிர்த் திசையில். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எப்போதும் முழு எடை. எடை நகர்ந்தால் ஒரு பக்கம் குறைகிற அளவு மறுபக்கம் கூடிவிடும். ஆகவே 25 செ.மீ. இடைவெளியில் இரண்டு வெட்டு இடங்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டிலும் கேஜ் ஒட்டி, வித்தியாசத்தை நேரடியாகத் தருகிற மாதிரி ஒரே பிரிட்ஜில் (நான்கு கை உள்ள மின்சுற்றில்) கட்டிவிட்டால், சக்கரம் அந்த 25 செ.மீ.க்குள் எங்கே நின்றாலும் எண் ஒன்றுதான். வெளியே போய்விட்டால் பூச்சியம். இதை முதல் தடவை திரையில் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சக்கரம் உள்ளே வரும், மேடை மாதிரி சட்டென்று ஒரு எழுச்சி, தட்டையாக நிற்கும், சட்டென்று விழும்.

இடுப்புச் சுவரின் இரண்டு முகத்திலும் ஒட்டுங்கள். ஓர் இடத்துக்கு நான்கு, மொத்தம் எட்டு கேஜ், பிரிட்ஜின் ஒரு கைக்கு இரண்டு. சக்கரம் தண்டவாளத் தலையின் நட்டநடுவில் உட்காராது, ஓரமாக உட்கார்ந்தால் சுவர் ஒரு பக்கம் வளையும். இரண்டு முகத்தையும் சேர்த்தால் அந்த வளைவு தன்னைத்தானே கழித்துக்கொள்ளும். வெப்பமும் அப்படியே கழிந்துவிடும். எஃகு 1 பாகை செல்சியஸ் சூட்டுக்கு ஏறத்தாழ 11.5 மைக்ரோஸ்ட்ரெயின் விரியும். 10 பாகை ஏறினால் 115. உங்கள் 130க்கு எவ்வளவு கிட்ட இருக்கிறது பாருங்கள். நம் ஊர் வெயிலில் தண்டவாளத்தின் மேல் கை வைக்க முடியாது. வெப்பத்தைக் கழிக்காத பிரிட்ஜை வைத்துக்கொண்டு அங்கே அளந்தால் சூரியனைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள்.

ஒட்டுகிற வேலையைப் பற்றிச் சொல்லாமல் விட மாட்டேன், பாதிப் பேர் இங்கேதான் தோற்கிறார்கள். எங்களுக்குக் கிடைத்தது கடைசி ரயிலுக்கும் முதல் ரயிலுக்கும் இடையில் மூன்று மணி நேரம். தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு சரளைக் கல்லில் முட்டி போட்டுத் துருவைத் தேய்த்து எடுப்போம். முதலில் முரட்டு உப்புத்தாள், பிறகு 220 எண் தாள், பிறகு 400. கண்ணாடி மாதிரி பளபளக்கக் கூடாது, சாம்பல் நிறத்தில் மங்கலாக இருக்க வேண்டும். பிறகு அசிட்டோனில் நனைத்த பஞ்சு. ஒரே திசையில் ஒரே இழுப்பு, பஞ்சைத் தூக்கிப் போடு, அடுத்த பஞ்சு. முன்னும் பின்னும் தேய்த்தால் எடுத்த அழுக்கையே திரும்பப் பூசுகிறோம். பஞ்சு வெள்ளையாக வரும் வரை விடக் கூடாது. அந்த நேரத்தில் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை விழுந்தால் மறுபடியும் முதலிலிருந்து. நான் எப்போதும் நெற்றியில் துண்டு கட்டிக்கொண்டுதான் குனிவேன். நம் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் ஒட்டுவதற்கு முன் சூடான காற்றடித்து இரும்பை லேசாக வெதுவெதுப்பாக்க வேண்டும். பசை ஒரு துளி, கேஜ், மேலே டெஃப்லான் தாள், கட்டைவிரல், ஒரு முழு நிமிடம் அசையாமல். விரலின் அழுத்தமும் சூடும் பசை இறுக உதவும். பிறகு மெழுகு, மேலே சிலிக்கான்.

பக்கவாட்டு விசைக்கு இதே வித்தியாசக் கணக்கைப் படுக்க வைத்துச் செய்யுங்கள். பாதத்தின் மேல்முகத்தில், இடுப்புக்கு இரு பக்கமும், அதே இரண்டு வெட்டு இடங்களில் 45 பாகையில் ஒட்டுவோம். ஆனால் இந்தச் சானலை, அதாவது இந்தக் கேஜ்களிலிருந்து வரும் தனி அளவீட்டை, நம்புவதற்கு முன் ஒரு சோதனை கட்டாயம். செங்குத்தாக மட்டும் எடை வைத்து, பக்கவாட்டுச் சானலில் என்ன வருகிறது என்று பாருங்கள். பூச்சியம் வராது, கொஞ்சம் கசியும். அந்தக் கசிவைக் குறித்து வைத்துக் கழிக்க வேண்டும். கசிவு தெரியாமல் எழுதுகிற பக்கவாட்டு எண்ணை நான் எண்ணாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஓர் இரவில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு வளைவில் எல்லாம் ஒட்டி முடித்து, சோதனை வண்டி மெதுவாக வந்தது. வெளித் தண்டவாளத்தில் சக்கரம் வெளியே தள்ள வேண்டும். திரையில் உள்ளே இழுப்பதாகக் காட்டியது. சக்கரம்தான் ஏதோ செய்கிறது என்றார் ஒருவர். கேஜ் கெட்டுவிட்டது, உரித்து எடு என்றார் இன்னொருவர். எனக்கு மனம் கேட்கவில்லை. இணைப்புப் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுப் பார்த்தேன். பச்சையும் வெள்ளையும் இடம் மாறிக் கிடந்தன. மூன்றரை மணி, பாதையைத் திரும்ப ஒப்படைக்க அரை மணிதான் இருந்தது, சால்டரிங் கம்பியைச் சூடாக்கி மாற்றினேன். அன்றிலிருந்து இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு ஜாக்கை வைத்து, லோட் செல் என்கிற விசைமானியைப் பார்த்துக்கொண்டே வெளிப்பக்கம் தள்ளி, குறியும் அளவும் சரியா என்று பார்க்காமல் ஒரு வண்டியையும் விட்டதில்லை. நீங்களும் ஆய்வகத்தில் அப்படியே செய்யுங்கள். எந்தத் திசையில் தள்ளுகிறேன் என்று வாயால் சொல்லிக்கொண்டே தள்ளுங்கள்.

இனி, நீங்கள் கடைசியாகக் கேட்ட கோணம். என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். வளைவும் கோணமும் எப்படியோ அப்படித்தான் விசையும்.

சக்கரத்தின் ஓடுமுகம் கூம்பு வடிவம், வழக்கமாக 20க்கு 1 சரிவு. வளைவில் சக்கர ஜோடி வெளிப்பக்கம் நகர்ந்தால் வெளிச் சக்கரம் பெரிய விட்டத்திலும் உள் சக்கரம் சிறிய விட்டத்திலும் உருளும், அச்சு தானாகத் திரும்பும். அழகான ஏற்பாடு. ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. நம் மீட்டர் பாதையில் சக்கரங்கள் தொடும் புள்ளிகளுக்கு இடையே 1.06 மீட்டர் என்றும், சக்கரத்தின் ஆரம் 43 செ.மீ. என்றும், வளைவின் ஆரம் 150 மீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டு சக்கரத்துக்கும் ஆரத்தில் 3 மி.மீ. வித்தியாசம் வேண்டும். அந்தச் சரிவில் அதற்கு 30 மி.மீ. பக்கவாட்டில் நகர வேண்டும். அவ்வளவு இடம் கிடையாது. சில மில்லிமீட்டரிலேயே ஃபிளாஞ்ச், அதாவது சக்கரத்தின் உள்பக்கம் துருத்தி நிற்கிற உதடு, வெளித் தண்டவாளத்தில் முட்டிவிடும். அதற்கு மேல் அச்சு திரும்பாமல் சாய்ந்தபடியே இழுபடும். போகி, அதாவது பெட்டியின் கீழே இரண்டு அச்சைத் தாங்கும் சட்டம், அதன் இரண்டு அச்சுக்கு நடுவே 2.2 மீட்டர், பின் அச்சு வளைவின் மையத்தை நோக்கி நேராக நிற்கிறது என்றால், முன் அச்சின் கோணம் 2.2ஐ 150ஆல் வகுத்த அளவு: 14.7 மில்லிரேடியன். ஒரு பாகைகூட இல்லை. உங்கள் பாட்டியை எழுப்புவது அந்த ஒரு பாகைக்கும் குறைவான சாய்வுதான்.

தொடாமல் அளக்க வழி உண்டு. பாதையோரத்தில் லேசர் தூரமானியை வைத்துச் சக்கர முகத்தைப் பார்ப்பார்கள். சக்கரத்தின் முன்விளிம்பு கடக்கும்போது எவ்வளவு தூரம், பின்விளிம்பு கடக்கும்போது எவ்வளவு தூரம். 500 மி.மீ. நீளத்துக்கு 4 மி.மீ. வித்தியாசம் என்றால் 8 மில்லிரேடியன். தண்டவாளத்தின் திசையையும் அதே லேசரால் எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் எதோடு ஒப்பிட்டுக் கோணம் என்பது?

வளைவையே அளப்பதற்கு அப்பா வைத்திருந்தது 10 மீட்டர் நைலான் கயிறு. இரண்டு முனையையும் வெளித் தண்டவாளத்தின் உள்முகத்தில் பிடிப்பார்கள், நடுவில் கயிற்றுக்கும் தண்டவாளத்துக்கும் உள்ள இடைவெளியை இரும்பு அடிக்கோலால் அளப்பார்கள். 12.5ஐ ஆரத்தால் வகுத்தால் அந்த இடைவெளி. 150 மீட்டர் வளைவில் 83 மி.மீ. அடுத்தடுத்த இடங்களில் 83, 84, 82 என்று வந்தால் வளைவு நல்ல வளைவு. 83, 96, 70 என்று வந்தால் அங்கே வளைவு சீராக இல்லாமல் மடங்கியிருக்கிறது, ஒவ்வொரு சக்கரமும் அங்கே இடிக்கும். அப்பா அளவு நோட்டைப் பார்த்தே எந்த இடத்தில் தேய்மானம் வரும் என்று சொல்லுவார். பல வருடம் கழித்து, நான் கேஜ் ஒட்டி எடுத்த பக்கவாட்டு விசையின் கோட்டில் உச்சிகள் எழுந்த இடங்களும் கயிற்றளவு தப்பின இடங்களும் ஒன்றாக இருந்தன. அந்தத் தாளை அவரிடம் காட்ட முடிந்தது எனக்குப் பெரிய விஷயம்.

மழை விஷயம். நீங்கள் நோட்டில் எழுதியிருப்பது நல்ல தடயம். கூர்மையான வளைவில், முன் அச்சின் உள் சக்கரம் தண்டவாளத் தலையின் மேல் பக்கவாட்டில் வழுக்குகிறது, பிடிக்கிறது, மறுபடி வழுக்குகிறது. அந்தப் பிடிவிடலில் சக்கரம் மணி மாதிரி அதிர்கிறது. ஒரே சுருதியில் நிற்கிற சத்தம் பெரும்பாலும் இந்த உள் சக்கரத்தினுடையது. ஃபிளாஞ்ச் உரசும் சத்தம் வேறு, அது ஒரு சுருதியில் நிற்காமல் 'ஸ்ஸ்' என்று மேலே பரவும். மழைநீர் உராய்வைக் குறைத்ததும் பிடிப்பு போய்விடுகிறது, சத்தமும் போய்விடுகிறது. அந்த மாதிரி வளைவில் உள் தண்டவாளத்தின் பக்கவாட்டு விசையைச் செங்குத்து விசையால் வகுத்தால் வரும் எண், ஏறத்தாழ அந்த நேரத்து உராய்வு எண்ணேதான். மழை தொடங்கியபோது அந்த எண் வண்டிக்கு வண்டி இறங்குவதைத் திரையில் பார்த்திருக்கிறேன்.

வெளித் தண்டவாளத்தில் அதே வகுத்தல் வேறொன்றைச் சொல்லும்: சக்கரம் ஏறித் தடம் புரளுமா என்று. பிரெஞ்சுப் பொறியாளர் நாடால் 1896ல் எழுதிய சூத்திரம். ஃபிளாஞ்சின் கோணத்துக்கு டேன்ஜென்ட் எடுத்து, அதிலிருந்து உராய்வு எண்ணைக் கழித்து, ஒன்றோடு அந்த இரண்டின் பெருக்கலைக் கூட்டி வகுக்க வேண்டும். 70 பாகைக்கு டேன்ஜென்ட் 2.747. உராய்வு 0.3 என்றால் எல்லை, அதாவது வகுத்த எண் தாண்டக் கூடாத அளவு, 1.34. உராய்வு 0.5 என்றால் 0.95. ஃபிளாஞ்ச் கோணம் 60 பாகையாகக் குறைந்து உராய்வும் 0.5 என்றால் 0.66தான். காய்ந்த தண்டவாளமும் கோணம் குறைந்த ஃபிளாஞ்சும் சேரக் கூடாது என்று சொல்வது இதனால்தான். ஐரோப்பியச் சோதனை விதியில் 0.8 என்று எல்லை வைத்து, 2 மீட்டர் ஓட்டத்தின் சராசரியை எடுக்கிறார்கள்.

ஆயர்ஈத்தாம்:

ஐயா எழுதியதைப் படித்ததும் எங்கள் பினாங்குக் கொடிமலையில் கம்பியால் இழுபட்டு ஏறும் ரயில் ஞாபகம் வந்தது. 1923லிருந்து ஓடுகிறது, 2011ல் புதிதாக்கினார்கள். நடுவழியில் இரண்டு பெட்டியும் விலகிப் போகும் இடத்தில் நகரும் தண்டவாளமே கிடையாது. ஒரு பக்கத்துச் சக்கரங்களுக்கு இரண்டு புறமும் ஃபிளாஞ்ச், மறுபக்கத்துச் சக்கரங்கள் ஃபிளாஞ்சே இல்லாத அகலமான உருளைகள். ஒரு பெட்டி எப்போதும் இடப்பக்கம், மற்றது எப்போதும் வலப்பக்கம். பிள்ளைகளை அழைத்துப் போகும்போது அந்த இடத்தில் எட்டிப் பார்க்கச் சொல்வேன். மாணவிக்கு வழிகாட்டல் ஒற்றைத் தண்டவாளத்தில் மட்டும் நடக்கும் ஓர் உதாரணமாகப் பயன்படலாம்.

பழையபட்டறை:

நல்ல உதாரணம் தம்பி. அங்கே பக்கவாட்டு விசை பெரும்பாலும் ஒரே தண்டவாளத்தில் விழுகிறது, உருளை ஓடுகிற பக்கம் முக்கியமாக எடையைத்தான் தாங்குகிறது. அளக்கிறவனுக்குப் பாதி வேலை மிச்சம்.

செந்தூல்மாணவி:

ஐயா, இரண்டு வாரம் கழித்து வருகிறேன். எட்டு கேஜ் ஒட்டினேன். முதல் நான்கில் இரண்டு உரிந்து வந்துவிட்டன. பஞ்சை முன்னும் பின்னும் தேய்த்திருக்கிறேன், நீங்கள் சொன்ன அதே தப்பு. இரண்டாம் தடவை ஒரே திசையில் துடைத்து, தலையில் துண்டு கட்டிக்கொண்டுதான் குனிந்தேன்.

20 கிலோநியூட்டனை ஐந்து இடங்களில் வைத்தேன், இரண்டு வெட்டு இடத்துக்கும் நடுவே 4 செ.மீ.க்கு ஒன்றாக. ஐந்திலும் 100க்கு 2க்குள் ஒரே எண். குளிர்சாதனத்தை நிறுத்தி ஒரு மணி நேரம் காத்திருந்தேன், எண் நகரவில்லை. அதன் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு சந்தேகம். வெட்டு இடத்துக்கு மிகக் கிட்டே, 2 செ.மீ.க்குள் அழுத்தினால் எண் தாறுமாறாகிறது. ஒட்டியதில் தப்பா? இன்னொன்று, ஓடும் ரயிலுக்கு நொடிக்கு எத்தனை தடவை எண்ணைப் பதிவு செய்ய வேண்டும்?

பழையபட்டறை:

மனம் நிறைந்தது அம்மா. அந்த இரண்டு கேஜ் உரிந்ததும் நல்லதற்கே, இனி வாழ்நாள் முழுக்கப் பஞ்சை ஒரே திசையில்தான் இழுப்பீர்கள்.

ஒட்டியதில் தப்பில்லை. எடை தொடுகிற இடத்துக்கு நேர் கீழே இரும்பு உள்ளூர நசுங்குகிறது, சீரான ஷியர் என்கிற கணக்கு அங்கே செல்லாது. மேடையின் இரண்டு ஓரத்தையும் தள்ளிவிட்டு நடுப்பகுதியின் சராசரியை மட்டும் எடுங்கள்.

பதிவுக்கு: மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 16.7 மீட்டர். உங்கள் 25 செ.மீ.யைச் சக்கரம் 15 மில்லிநொடியில் கடந்துவிடும். நொடிக்கு 2,000 தடவை பதிந்தால் 30 புள்ளி கிடைக்கும், ஓரம் தள்ளினால் இருபதுக்குக் கிட்டே மிஞ்சும். அதற்குக் கீழே போக வேண்டாம்.

அடுத்து கசிவுச் சோதனை. பிரெஸ்ஸை அப்படியே வைத்து, எடையைத் தண்டவாளத் தலையின் நடுவில் ஒரு தடவை, உள் ஓரத்தில் 1 செ.மீ. தள்ளி ஒரு தடவை, வெளி ஓரத்தில் ஒரு தடவை கொடுத்து, பக்கவாட்டுச் சானலின் மூன்று எண்ணையும் இங்கே போடுங்கள். ஒரு சனிக்கிழமை நேரம் கிடைத்தால் தேசிய அருங்காட்சியக வளாகத்தில் நிற்கிற பழைய நீராவி எஞ்சினின் சக்கரத்தைப் போய்ப் பாருங்கள். குனிந்து பக்கவாட்டில் பார்த்தால் ஃபிளாஞ்சின் கோணம் கண்ணுக்கே தெரியும். பாட்டியையும் அழைத்துப் போங்கள்.